இருட்டில் மொத்தம் எத்தனை?

அக்கா மகளுக்கு நாலு வயசு ஆகப்போகிறது. பத்து வரை எண்ணுவாள் என்பதில் வீட்டில் எல்லாருக்கும் பெருமை. போன மாதம் அவளுக்குப் படித்துக்காட்ட, இரவுக் கடலை வைத்து எண் சொல்லித்தரும் ஆங்கிலப் படப்புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஐந்தாம் எண் வந்த பக்கத்தில் விரலை வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று ஒன்றைக்கூட விடாமல் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். "அப்போ மொத்தம் எத்தனை இருக்கு?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி "ஒண்ணு, ரெண்டு..." என்று ஆரம்பித்தாள். திரும்பக் கேட்டேன். திரும்ப ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை கேட்டதும், "மாமா, உனக்குக் காது கேக்கலையா?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

அவள் மேல் தப்பில்லை. "எத்தனை?" என்ற கேள்வி அவளுக்குக் கேள்வியே இல்லை, "ஆரம்பி" என்ற கட்டளை. பாட்டுப் பாடச் சொன்னால் பாடுகிற மாதிரி.

குழந்தை உளவியலில் இது பழைய விஷயம். ரோஷெல் கெல்மன், காலிஸ்டல் இருவரும் 1978இல் எழுதிய 'தி சைல்ட்ஸ் அண்டர்ஸ்டாண்டிங் ஆஃப் நம்பர்' புத்தகத்தில் எண்ணுதலை ஐந்து கொள்கைகளாகப் பிரித்தார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான். சொற்களின் வரிசை மாறக்கூடாது. கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் விடை ஒன்றுதான். முதல் இரண்டும் எங்கள் வீட்டு ஆளுக்குக் கைவந்துவிட்டது. மூன்றாவது இன்னும் வரவில்லை.

அந்த மூன்றாவதுதான் கஷ்டம் என்பதை 1990இல் கேரன் வின் தெளிவாகக் காட்டினார். சோதனை ரொம்ப எளிது. ஒரு குவியலைக் காட்டி "மூணு கொடு" என்று கேட்பது, அவ்வளவுதான். பத்து வரை ஒப்பிக்கும் குழந்தைகூட ஒரு கைப்பிடி அள்ளி நீட்டும். முதலில் 'ஒன்று' மட்டும் புரியும். பல மாதம் கழித்து 'இரண்டு'. அப்புறம் 'மூன்று'. பிறகு ஒரு கட்டத்தில் விஷயம் பிடிபட்டு, தனக்குத் தெரிந்த எல்லா எண்ணுக்கும் சரியாக எடுத்துக் கொடுக்கும். அடுப்படியிலிருந்து புளியங்கொட்டை எடுத்துவந்து நானும் கேட்டுப்பார்த்தேன். "ரெண்டு குடு" என்றால் ரெண்டு வருகிறது. "நாலு குடு" என்றால் கை நிறைய வருகிறது.

இதை மனசில் வைத்துக்கொண்டு புத்தகத்துக்கு வருவோம். டெபோரா லீ ரோஸ் எழுதி ஸ்டீவ் ஜென்கின்ஸ் படம் செய்த 'ஒன் நைட்டைம் ஸீ', 2003இல் வந்தது. இரவில் விழித்திருக்கும் கடல் உயிர்களை வைத்து எண்களைச் சொல்லும் ஒரு ரைம். ஒன்றிலிருந்து பத்துக்கு ஏறி, மறுபடி ஒன்றுக்கு இறங்கும். 'படம் செய்த' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஜென்கின்ஸ் வரைபவர் இல்லை. காகிதத்தைக் கிழித்து, வெட்டி, ஒட்டி உருவாக்குபவர். அவரும் ராபின் பேஜும் சேர்ந்து செய்த விலங்குப் புத்தகம் ஒன்றுக்கு 2004இல் கால்டிகாட் ஹானர் கிடைத்தது. 2021 கடைசியில் இறந்துபோனார்.

எண் சொல்லித்தர இரவுக் கடல் எதற்கு? கோழிக்குஞ்சு போதாதா? முதலில் எனக்கும் இது வெறும் விற்பனை உத்தியாகத்தான் பட்டது. அலமாரியில் ஏற்கெனவே பண்ணை விலங்கு, காட்டு விலங்கு, டைனோசர் எல்லாம் வந்தாயிற்று, மிச்சம் இருப்பது ஆழ்கடல். ஆனால் இரண்டு காரணங்களால் என் எண்ணம் மாறியது.

ஒன்று, இருட்டு. எண்ணுவதற்கு முன்னால் குழந்தை செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எது பொருள், எது பின்னணி என்று பிரிக்க வேண்டும். பண்ணைப் படத்தில் வைக்கோல், வேலி, பூ, வாளி, பின்னால் ஒரு சூரியன் என்று ஆயிரம் சமாச்சாரம் கிடக்கும். "எத்தனை கோழி?" என்று கேட்டால் குழந்தை வாளியைப் பற்றிப் பேசும். கறுப்புக் கடலில் அந்தத் தொந்தரவு இல்லை. வெட்டி ஒட்டிய காகிதத்தின் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக நிற்கும். ஒரு உடல் எங்கே முடிகிறது என்பதில் சந்தேகமே வராது.

இரண்டாவது, அந்நியம். இது கொஞ்சம் ஆச்சரியமான விஷயம். லோரி பீட்டர்சன், நிக்கோல் மெக்நீல் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, பாலர் பள்ளி வயதுக் குழந்தைகளிடம் விதவிதமான பொருள்களைக் கொடுத்து எண்ணச் சொல்லிப் பார்த்தது. வண்ணமும் விவரமும் நிறைந்த பொருள், குழந்தைக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்ததாக இருந்தால் எண்ணுவது கெட்டுப்போகிறது. அதே அளவு கவர்ச்சியான பொருள், முன்பின் தெரியாததாக இருந்தால் எண்ணுவதற்கு உதவுகிறது. யோசித்தால் புரியும். யானைப் பொம்மையைக் கொடுத்தால் குழந்தை அதை நடக்கவிடும், பிளிறவிடும், தூங்கவைக்கும். எண்ணாது. உடம்பில் விளக்குப் புள்ளிகளோடு திரியும் ஆழ்கடல் மீனுக்கு அவளிடம் எந்தக் கதையும் கிடையாது. பார்க்க அழகு, ஆனால் விளையாடத் தெரியாது. அப்போது அதை வைத்து மிச்சமிருக்கும் ஒரே விளையாட்டு எண்ணுவது.

ஆக, இரவாடிக் கடல் உயிர்கள் நல்ல தேர்வு. என் குறை வேறு இடத்தில்.

எண் புத்தகங்களை எழுதுபவர்களுக்கு ரைம் மேல் ஒரு தீராத மோகம். ரைமுக்கென்று ஒரு வேகம் இருக்கிறது. அடுத்த ஓசையைத் தேடிப் பக்கத்தைத் திருப்பச் சொல்லும். எண்ணுதலோ நிற்கச் சொல்லும் வேலை. கடைசி விரலில் நின்று, 'ஆக அஞ்சு' என்று ஒரு மூச்சு விட வேண்டும். அந்த மூச்சுக்கு ரைமில் இடம் இல்லை. எண் சொல் பெரும்பாலும் வரியின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. முதலிலேயே 'ஐந்து' என்று சொல்லிவிட்டு ஐந்து உயிர்களைக் காட்டினால் குழந்தை எதற்காக எண்ண வேண்டும்? விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கிற கதை. சத்தமாகப் படிக்கும்போது நான் இப்போது ஒரு வேலை செய்கிறேன். எண் சொல்லை முழுங்கிவிட்டு மிச்ச வரியைப் படிக்கிறேன். பாட்டு நொண்டும். நொண்டட்டும்.

மேரியன் பெர்க்ஸின் 'ஓவர் இன் தி ஓஷன்' (2004) இதைவிட வேடிக்கையான சிக்கலைக் கொண்டது. பவளப்பாறை உயிர்கள், ஜெனட் கேன்யன் பாலிமர் களிமண்ணில் செய்த படங்கள், பார்த்தால் தொடத் தோன்றும். ஆனால் அது ஒரு பழைய ஆங்கில நாட்டுப்பாட்டின் அச்சில் வார்த்தது. ஒரு அம்மா, அவளுக்கு ஒரு குட்டி. அடுத்து இன்னொரு அம்மா, அவளுக்கு இரண்டு குட்டி. இப்படியே போகும். மூன்றாம் எண்ணுக்கான பக்கத்தில் அம்மாவையும் சேர்த்து எண்ணினால் நாலு! கவனமாக எண்ணுகிற குழந்தைதான் இங்கே 'தப்பு' செய்யும். படத்தைப் பார்க்காமல் பாட்டை ஒப்பிக்கிற குழந்தை 'சரி'யாகச் சொல்லும். 'குட்டி மட்டும் எண்ணு' என்பது நமக்குச் சாதாரணம். நாலு வயசுக்கு அது தனிப் பாடம். அந்தப் பாடமும் நல்ல பாடம்தான், எந்தக் கூட்டத்தை எண்ணுகிறோம் என்று முதலில் முடிவு செய்வது. பத்து வரை எண்ணக் கற்றுக்கொள்ளும் அதே மூச்சில் அதையும் திணிக்காமல் இருந்திருக்கலாம்.

அடுத்து இறங்குமுகம். கேரன் ஃபியூசனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1982இல், குழந்தைகள் எண் வரிசையை எப்படிப் படிப்படியாக வசப்படுத்துகிறார்கள் என்று எழுதினார்கள். முதலில் ஒன்றுரெண்டுமூணு என்று ஒரே கயிறாக இருக்கும். பிறகு தனித்தனிச் சொற்கள் ஆகும், ஆனாலும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வரும். பிறகு நடுவில் எங்கிருந்தும் ஆரம்பிக்க வரும். இரண்டு திசையிலும் சரளமாகப் போவது கடைசிப் படி. அப்படியானால் ஏறும் பகுதிக்கு ஏற்ற குழந்தையும் இறங்கும் பகுதிக்கு ஏற்ற குழந்தையும் ஒரே குழந்தை இல்லை. இரண்டுக்கும் நடுவில் சில வருஷங்கள் இருக்கின்றன. ஒரே அட்டைக்குள் இரண்டு புத்தகம்.

அதைக்கூட மன்னிக்கலாம், இறங்குவதற்கு ஒரு அர்த்தம் இருந்தால். ஒன்பதுக்கு அப்புறம் ஏன் எட்டு? ஒன்று போனது, அதனால். ஒவ்வொரு எண்ணுக்கும் வேறு வேறு உயிர் என்று வைத்த அமைப்பில் இந்த 'போனது' நடக்க வழியே இல்லை. ஆட்ரி வுட், புரூஸ் வுட் செய்த 'டென் லிட்டில் ஃபிஷ்' புத்தகத்தைப் பாருங்கள். பகல் வெளிச்சக் கடல், கணினியில் செய்த பளபள மீன்கள், கலை என்ற முறையில் ஜென்கின்ஸின் கால்தூசி பெறாது. ஆனால் அதில் பத்து மீன் வரிசையாகப் போகும், ஒவ்வொன்றாக விலகும். அதே கூட்டம். ஒன்று போனால் ஒன்பது. குழந்தை தன் கண்ணால் கழித்தல் பார்க்கிறது. கடைசியில் தனியாக நிற்கும் மீனுக்குத் துணை வந்து குடும்பம் பெருகுகிறது என்பது சினிமா முடிவு, அதை விடுங்கள்.

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், இறங்கு எண்ணிக்கைக்கு இரவுக் கடலைவிடப் பொருத்தமான இடம் பூமியில் கிடையாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒலி அனுப்பிக் கடல் ஆழம் பார்த்தவர்கள், கடலுக்கு நடுவே பொய்யான ஒரு 'தரை' தெரிவதைக் கண்டார்கள். அந்தத் தரை பொழுது சாய்ந்ததும் மேலே ஏறியது, விடிந்ததும் கீழே இறங்கியது. அது தரையே இல்லை. சிறு மீன்களும் இறால் வகைகளும் ஜெல்லிகளும் சேர்ந்த உயிர்ப் படலம். பகலில் பெரிய மீன்களின் கண்ணில் படாமல் ஆழத்தில் ஒளிந்திருந்து, இருட்டியதும் மேலே வந்து இரை தின்றுவிட்டு, விடியும்முன் திரும்பிப் போகிற கூட்டம். தினம் தினம், எல்லாப் பெருங்கடலிலும். எண்ணிக்கை ஏற இருட்டுவதும், எண்ணிக்கை இறங்க விடிவதும்! ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது, பத்தாயிற்று, கிழக்கு வெளுக்கிறது, ஒன்று போனது, ஒன்பது. இரவுக் கடலே எழுதி வைத்த எண் புத்தகம் இது. இதை விட்டுவிட்டு இருட்டை வெறும் வால்பேப்பராகப் பயன்படுத்துவது எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

(அந்தக் கூட்டத்தைப் பெரியவர்களாலேயே ஒழுங்காக அளக்க முடியவில்லை என்பது ஒரு ஆறுதல். நடு ஆழத்து மீன்களின் மொத்த எடை சுமார் 100 கோடி டன் என்று 1980இல் ஒரு மதிப்பீடு வந்தது. 2014இல் ஒலி அளவீட்டை வைத்து வந்த ஆய்வு, அதைப்போல் பத்து மடங்காவது இருக்கும் என்றது. நாலுக்குக் கைப்பிடி அள்ளுகிற குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளலாம்.)

இன்னொரு தர்மசங்கடமும் உண்டு. இரவுக் கடலில் 'ஒன்று' என்பதே சில சமயம் ஆட்டம் காணும். சைஃபோனோஃபோர் என்றொரு உயிர், பார்க்க ஒளிவிடும் நீளக் கயிறு மாதிரி இருக்கும். ஒரே முட்டையிலிருந்து வந்தது, ஆனால் மொட்டு விட்டு மொட்டு விட்டுப் பல உடல்களாகி, ஒட்டிக்கொண்டே வாழ்கிறது. சில உடல்கள் நீந்த, சில உடல்கள் தின்ன, சில இனப்பெருக்கத்துக்கு. இதை ஒன்று என்பதா, ஐம்பது என்பதா? படத்தைக் காட்டி அக்கா மகளிடம் கேட்டேன். யோசிக்காமல் "ஒரு ரயிலு" என்றாள். விலங்கியல் பேராசிரியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட இடம் இது.

ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் சொல்லும்போது வரும் ஒரு வித்தியாசத்தையும் குறித்து வைக்கிறேன். ஆங்கிலத்தில் ஒன்றைத் தாண்டியதுமே பெயர்ச்சொல்லின் வால் மாறும். பேச்சுத் தமிழில் நாம் "ஒரு நண்டு, ரெண்டு நண்டு, பத்து நண்டு" என்றுதான் சொல்கிறோம். எண்ணைத் தவிர வேறு துப்பு கிடையாது. பார்பரா சார்னெக்காவும் மற்றவர்களும் 2007இல் செய்த ஒப்பீட்டில், பன்மை விகுதி கட்டாயமான ஆங்கிலம், ரஷ்யன் பேசும் குழந்தைகள் 'ஒன்று' என்பதன் பொருளை ஜப்பானியக் குழந்தைகளைவிடச் சீக்கிரம் பிடித்தார்கள். இருமை விகுதி உள்ள ஸ்லோவேனிய மொழிக் குழந்தைகள் 'இரண்டை'ச் சீக்கிரம் பிடிப்பதாகப் பின்னர் வேறு ஆய்வு சொன்னது. அதனால் நான் படிக்கும்போது வேண்டுமென்றே "ஒத்த நண்டு", "ஜோடி நண்டு" என்று சேர்த்துச் சொல்லிப் பார்க்கிறேன். அவளுக்கு 'ஒத்த' என்ற சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. ஒத்த செருப்பு, ஒத்த தோசை என்று நாள் முழுக்க ஓடியது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. இரவாடிக் கடல் உயிர்களை வைத்துக் குழந்தைகளுக்கு எண் சொல்லித்தருவது நம் வீடுகளில் எப்போதோ நடந்த விஷயம். சோழி!

சோழி ஒரு கடல் நத்தையின் ஓடு. அந்த நத்தை பகலில் பவளத்துக்கும் கல்லுக்கும் அடியில் ஒதுங்கிக் கிடக்கும். இரவில்தான் மேயக் கிளம்பும். உயிரோடு இருக்கும்போது தன் சதைப் போர்வையை ஓட்டின் மேல் இழுத்து மூடிக்கொள்ளும், அதனால்தான் ஓடு அத்தனை வழவழப்பு. மாலத்தீவிலிருந்து கப்பல் கப்பலாக வங்காளத்துக்குப் போய்ப் பணமாகப் புழங்கியதும் இதன் ஒரு வகைதான். 14ஆம் நூற்றாண்டில் அங்கே போன இபின் பதூதா, 100 சோழிக்கு ஒரு பெயர், 700க்கு ஒரு பெயர், 12,000க்கு ஒரு பெயர், ஒரு லட்சத்துக்கு ஒரு பெயர் என்று எண்ணினார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்.

பல்லாங்குழியை நினைத்துப் பாருங்கள். ஒரு குழியிலிருந்து அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஒரு குழிக்கு ஒன்று. கெல்மன் சொன்ன முதல் கொள்கை கைப்பழக்கமாகவே வந்துவிடுகிறது, தவறினால் எதிரில் உட்கார்ந்திருக்கும் பாட்டி விடமாட்டாள். எங்கள் வீட்டு ஆட்டத்தில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம். நாலு என்பது அங்கே ஒப்பித்தலின் நடுவில் கடந்துபோகும் ஒரு சத்தம் இல்லை. ஒரு கூட்டத்தின் பெயர். அதைக் கவனிக்காத குழந்தைக்கு நஷ்டம். சோழியைக் குலுக்கிப் போடும் ஆட்டத்தில் இன்னொரு திறமை வேலை செய்கிறது. எத்தனை வாய் மேலே பார்த்து விழுந்தன என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல வேண்டும். மூன்று நாலு வரை எண்ணாமலே பார்த்துச் சொல்லும் இந்தத் திறமைக்கு 1949இல்தான் ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தார்கள்.

பழசுதான் உசத்தி என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. பல்லாங்குழி ஆடியவர்கள் எல்லாம் கணக்கில் புலி ஆகவில்லை, நானே சாட்சி. பத்து என்ற எழுத்துருவைச் சோழி காட்டாது. ஆழ்கடல் என்று ஒன்று இருப்பதைச் சொல்லாது. ஜென்கின்ஸின் கடலைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட கேள்விகளைச் சோழி ஒருநாளும் கிளப்பியிருக்காது. ஆனால் படத்தில் இருக்கும் உயிரை நகர்த்த முடியாது. எண்ணியதையும் எண்ணாததையும் தனித்தனியாக ஒதுக்க முடியாது. அவளுடைய 'எத்தனை' சிக்கலுக்கு வேண்டியது அந்த ஒதுக்கல்தான் என்று எனக்குத் தோன்றியது.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சேர்த்தேன். அம்மாவின் பழைய டப்பாவிலிருந்து சோழிகளை எடுத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தோம். படத்தில் இருக்கும் ஒவ்வொரு உயிர் மேலும் ஒரு சோழி வைக்க வேண்டும். வைத்து முடித்ததும் எல்லாவற்றையும் அள்ளிக் கையில் மூடிக்கொள்ள வேண்டும். அப்புறம் நான் புத்தகத்தை மூடிவிட்டு, "கைக்குள்ளே எத்தனை?" என்று கேட்பேன். தொட்டு எண்ண எதுவும் கண்ணுக்குத் தெரியாது. முதல் இரண்டு பக்கத்துக்கு விடை சரியாக வந்தது. மூன்றாவது பக்கத்தில் ரொம்ப நேரம் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேசாக விரலைத் திறந்து எட்டிப் பார்க்கப் போனாள், நான் பார்ப்பதைக் கவனித்து மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக, கேள்வி மாதிரி, "மூணு?" என்றாள்.

நாலாவது பக்கத்தில் கை திறந்து சோழி எல்லாம் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. டார்ச் எடுத்துக்கொண்டு இருவரும் குனிந்து தேடினோம். "எத்தனை கிடைச்சுது?" என்றேன். "மூணு இருக்கு. ஒத்த சோழி இன்னும் வரல" என்றாள்.